கச்சானில் கத்தரி நிறம்

ஆனி மாதம். கச்சான்
கடலுப்பை அள்ளி வந்து
ஜன்னல் கம்பிகளில் தேய்க்கிறது.
மத்திய வீதிக் கடையில் நஸ்லிம் நானா
வெளிர்மஞ்சள், பாலாடை, மாம்பிஞ்சுப் பச்சை
எல்லாவற்றையும் விரித்துப் போட்டார்.
"இந்த வெயிலுக்கு இதுதான் டீச்சர்."

நான் மேல்தட்டைக் காட்டினேன்:
முற்றிய கத்தரிக்காய்.
அதற்குப் பக்கத்தில்
மழைக்கு முந்திய உள்துறைமுகம்,
நீலமா கறுப்பா என்று
தனக்கே தெரியாத ஒரு லினன்.

கத்தரி நிறத்தை முதலில் உடுத்தேன்.
பஸ்ஸில் புனிதவதி அக்கா கேட்டா:
"ஆற்றையும் செத்தவீடோ?"
இல்லை அக்கா, ஒருவரும் சாகவில்லை.
சம்பளம் வந்தது.

பத்து மணிக்கு முதுகு கொதித்தது, உண்மை.
இருண்ட நிறம் வெயிலைக் குடிக்கும் என்று
டியூட்டரியில் ஒன்பதாம் வகுப்புக்கு
நானேதான் படிப்பிக்கிறேன்.
ஆனாலும் தொளதொளவென்று தைத்தால்
துணிக்கும் தோலுக்கும் நடுவில்
ஒரு காற்று குடியிருக்கும்.
அது பாடப்புத்தகத்தில் இல்லை.

வெளிர் நிறங்களில் நான்
எந்நேரமும் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்:
கறை பட்டதா, உள்ளே தெரிகிறதா,
பின்னால் பார், பின்னால் பார்.

பின்னேரம் டச்பே கரையில்
மான் ஒன்று வந்து விளிம்பை முகர்ந்து
தின்ன உதவாது என்று திரும்பிப் போனது.

வீட்டில் கழற்றும்போது கண்டேன்.
முதுகில் வெள்ளையாய் ஒரு கரைக்கோடு,
வியர்வை காய்ந்த உப்பு.
இத்தனை வருடம்
இவ்வளவு உப்பும்
எந்த மஞ்சளுக்குள் கிடந்தது?

கழுவிக் காயப்போட்டேன்.
நாளைக்கு அந்தத் துறைமுகம்.