பொருளின் பெயர்

ஆலந்தூர் மெட்ரோவில்
தொலைந்தவை எல்லாம் என் மேசைக்கு வரும்.
ஹெல்மெட், குடை, டிபன் கேரியர்.
போன வாரம் ஒரு பல்செட்டு,
கேட்டு யாரும் வரவில்லை இன்னும்.

இரவு ஒன்பதே காலுக்கு ஒருவர் வந்தார்.
இடுப்பில் கத்தும் பிள்ளை.
சட்டையைப் பிடித்தபடி இன்னொருத்தி,
ஐந்து வயதிருக்கும்.

படிவத்தின் முதல் கட்டம்: பொருளின் பெயர்.
பேனாவை வாங்கினார். நின்றார்.
"டவல்னு வச்சுக்குங்களேன்."
டவல் இல்லையாம். டவல் மாதிரியாம்.

போனில் மனைவி, சிறுசேரியில் நைட் ஷிப்ட்:
"என் பழைய நைட்டியோட கைங்க,
கிழிச்சு முடிச்சுப் போட்டது."
ஸ்பீக்கரில் இருந்தது.
வரிசையில் நின்றவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்ல, அது பூனை" என்றாள் ஐந்து வயது.
முடிச்சுதான் தலையாம்.
வாலைத் தம்பி கடித்தே தீர்த்துவிட்டானாம்.
காப்பகத்து ஆயாவுக்கு அது மருந்து,
"மருந்து கொண்டாந்தீங்களா?" என்று
வாசலிலேயே கேட்பாராம்.
கீழ்வீட்டு சவுரிநாதன் மட்டும்
அது காணாமல் போகும் இரவுகளில் மாடிப்படி ஏறி வந்து
"அந்தச் சனியனைக் குடுத்துத் தொலைங்களேன்" என்பாராம்.

பிள்ளையைக் கேட்டேன், விளையாட்டுக்குத்தான்,
உனக்கு என்னடா வேணும்?
அழுகையை ஒரு நொடி நிறுத்தி
"ஞொய்" என்றான்.
அன்றைக்கு முழுக்க
அவ்வளவு தெளிவாக யாரும் என்னிடம் பேசவில்லை.

அப்போதுதான் உறைத்தது.
காலையில், பரங்கிமலை வண்டியைப் பெருக்கிய எழிலரசி
இரண்டு விரலால் தூக்கி வந்து போட்டது.
பதிவேட்டில் வரிசை எண் நாற்பத்தொன்று.
என் கையெழுத்துதான்:
கந்தல். மதிப்பு இல்லை.

மதிப்பில்லாதவை எட்டு மணிக்குக் குப்பைக்குப் போகும்.
கூடையை மேசைமேல் கவிழ்த்தேன்.
வாழைப்பழத் தோல், டீ கப்புகள்,
அடியில், ஈரமாய், ஒரு முடிச்சு.

கழுவித் தருகிறேன் என்பதற்குள்
பிடுங்கி மூக்கில் வைத்துக்கொண்டான்.
டீ வாசனைக்கு ஒருமுறை முகம் சுளித்தான்.
பிறகு மன்னித்துவிட்டான்,
டீயையா, என்னையா, தெரியாது.
கையெழுத்து வாங்குமுன்னே தூங்கியும் போனான்.

அவர்கள் போன பிறகு
கந்தலை அடித்தேன். பக்கத்தில் சுருக்கொப்பம்.
மேலே எழுதப் போய் நின்றுவிட்டேன்.
ஞொவா, ஞோவா?
குறிலா நெடிலா என்று கேட்டிருக்கலாம்.

கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.
திங்கட்கிழமை
மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார்.