யாப்புத் திருத்தம்

முத்தையன்கட்டு இடதுகரை
மரண உதவிச் சங்கத்தின் மாதக் கூட்டம்,
முன்பள்ளிக் கட்டடம், பின்னேரம் நாலு மணி.
சின்னக் கதிரைகளில் பெரிய ஆட்கள்
முழங்கால் நாடியில் இடிக்க இருந்தோம்.
குடும்பம் எண்பத்து மூன்று. வந்தது ஐம்பத்திரண்டு பேர்.
கூட்டக் குறிப்பு எழுதுவது நான்.

எங்கள் யாப்பின் ஏழாம் விதி:
அங்கத்தவர் ஒருவர் இறந்தால்
நாற்பதாயிரம் ரூபாய், தறப்பாள் இரண்டு,
கதிரை நூறு, தேத்தண்ணிச் சாமான்.
செத்தவரை நாங்கள் கைவிட்டதில்லை.
வெள்ளம் வந்த மார்கழியிலும்
உழவு மெசினில் கதிரை ஏற்றிப் போனோம்.

புவனேந்திரன் அண்ணை எழும்பினார்.
எழும்ப அவருக்குக் கொஞ்ச நேரம் வேணும்.
கிழமைக்கு இரண்டு தரம் வவுனியாவுக்குப் போகிறார்,
இரத்தம் கழுவ.
"கழுவிறது சும்மாதான், ஆஸ்பத்திரி காசு கேக்கிறேல்லை.
பஸ் கேக்குது. கூட வாற மனுசியின்ர
கூலி நாள் கேக்குது.
குளிசை இல்லையெண்டால் துண்டெழுதித் தருவினம்,
வெளியில வாங்கச் சொல்லி.
நான் செத்தாத் தாற காசில கொஞ்சத்தை
இப்ப தந்தால்
மிச்சத்தை வாங்க ஆறுதலா வருவன்."

ஆரோ சிரித்தார்கள்.
பிறகு நிறுத்திவிட்டார்கள்.

போன வருசம் கழுத்துப்பட்டியோடு
காப்புறுதிக் கொம்பனிப் பெடியன் ஒருவன் வந்தான்.
நல்ல பெடியன், நாய்க்குப் பயந்தவன்.
படிவத்தில் பதினோராம் கேள்வி:
ஏற்கனவே உள்ள காயங்கள், நோய்கள்.
விடை எழுத அரை வரி இடம்.
தவமலர் கேட்டாள்,
"உள்ளுக்கு இருக்கிற துண்டுகளை
எண்ணி எழுதவோ, நிறுத்து எழுதவோ?"
அவன் பேனையை மூடினான்.
தேத்தண்ணியைக் குடித்து முடித்தான்.
மேலிடம் விடாது அக்கா என்றான்.
அந்த அரை வரிக்குள் அடங்கக்கூடியவர்கள்
எங்கள் ஊரில் இன்னும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

பொருளாளர் மரியதாசன் கணக்குக் கொப்பியை விரித்தார்.
"சாவு ஆளுக்கு ஒருக்காத்தான் வரும்,
கணக்குப் போடலாம்.
வருத்தத்துக்கு அப்பிடி ஒரு ஒழுங்கு இல்லை.
வங்கியில மூண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
எல்லாருக்கும் கதவைத் திறந்தால்
குளம் சித்திரைக்குள்ள தரை தெரியும்."
அவர் சொன்னது சரி.
அதையும் எழுதினேன்.

பிறகு ஒரு மணித்தியாலம்
எது வருத்தம், எது வருத்தமில்லை என்று.
பல்லு? மூக்குக்கண்ணாடி?
"குடிச்சுக் கெடுத்த ஈரலுக்கு என்ர காசோ?"
என்று கேட்டவளின் புருசன்
இரண்டு கதிரை தள்ளி
நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அதை எழுதவில்லை.

யாப்பு என்றால் கட்டுதல் என்று
பள்ளியில் படித்த ஞாபகம்.
எதை எதோடு என்று கேட்டதில்லை.

தீர்மானம்:
மாதச் சந்தா இருநூறு, இனி முந்நூற்றைம்பது.
ஸ்கான், பஸ், வெளியில் வாங்கும் மருந்து,
குடும்பத்துக்கு வருசம் பதினையாயிரம் வரை.
பழைய காயம் கேட்கப்படாது.
எடுத்த காசு சாவுக் காசில் கழியாது.
ஒரு வருசம் பார்ப்பது, முடியாவிட்டால் நிறுத்துவது.
ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்புப் பதினெட்டு,
மூன்று பேரின் கை காதளவில் நின்றுவிட்டது.
மரியதாசனின் மனைவி ஆதரவுக்குத் தூக்கினாள்.
அவர் முன்வரிசை, காணவில்லை.
நான் எண்ணினேன்.

பற்றுச்சீட்டுப் புத்தகம் பழையதுதான்.
இன்னும் நானூறு தாள் மிச்சம்,
புதிதாய் அச்சடிக்கக் காசில்லை.
ஒவ்வொரு தாளிலும் "அமரர்" என்று அச்சிட்டு
பக்கத்தில் புள்ளிக்கோடு.

திங்கட்கிழமை விடிய, ஆஸ்பத்திரிப் பையோடு
முதல் ஆளாய் வந்து நின்றார்.
அந்தச் சொல்லின் மேல் கோடு கிழித்தேன்.
ஒரு கோட்டில் மறையவில்லை,
இன்னொன்றும்.
புள்ளிக்கோட்டில் அவர் பெயர்.

சீட்டைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.
"திருத்தின இடத்தில
சின்னக் கையெழுத்துப் போட்டு விடு தங்கச்சி.
பிறகு வங்கியில கேப்பாங்கள்,
ஆள் உயிரோடையோ எண்டு."

போட்டேன்.
ஆறே முக்கால் பஸ் சந்தியில் ஹோர்ன் அடித்தது.
அவர் ஓடவில்லை,
கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.