எடைமேடை

எண்ணூர் விரைவுச் சாலையில்
எண்பது டன் எடைமேடை ஒன்றில்
எனக்கு இரவு ஷிப்டு.
காலி டிரெய்லருக்கு ஒரு சீட்டு,
கன்டெய்னர் ஏற்றி வந்தால் இன்னொரு சீட்டு.
ஒன்றிலிருந்து ஒன்று போனால் சரக்கு.
பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு
என் வேலை கழித்தல்.

கெசியாவுக்குப் பதின்மூன்று வயது அப்போது.
சாப்பாட்டுக் கேரியரோடு வந்தவள்
செருப்பை ஓரமாக விட்டு
மேடையேறி நின்றாள்.
திரையில் நாற்பது.
இருபது இருபதாகத்தான் எண்ணும் இது, என்றேன்.
நாற்பது என்றால் முப்பத்தொன்றாகவும் இருக்கலாம்,
நாற்பத்தொன்பதாகவும்.
"அப்ப நான் எவ்ளோன்னு
உன் மிஷினுக்கே தெரியாது."

அந்த ஞாயிறு, கார்ட் பந்தயத்தில்,
சின்னத் தராசு ஒன்று சரியாகச் சொல்லிவிட்டது:
குறைந்தபட்ச எடைக்கு ஒன்பது கிலோ குறைவு.
ஈயத் தகடு வாங்கக் காசில்லை.
காசிமேட்டில் மாமா கிழிந்த வலையிலிருந்து
ஈயக் குண்டுகளை அறுத்துக் கொடுத்தார்.
பழைய தோசைக்கல்லில் உருக்கி ஊற்றி
சீட்டின் முதுகில் போல்ட் போட்டு முடுக்கினோம்.
மீனைத் தேடிக் கடலடிக்குப் போன கனம்
தார்மேல் நூறில் பறந்தது.
ஆறாவதாக வந்தாள்.
முதுகெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

எங்கள் சாலையில் வேகம் என்பது வதந்தி.
துறைமுக கேட்டுக்கு நாலு கிலோமீட்டர் வரிசை,
அதில் அப்பாவின் வண்டி முன்னூறாவது.
லேப் நேரத்தை போனில் படித்துக் காட்டினேன்.
"ஐம்பத்தெட்டு செகண்டா?
நான் கிளட்ச மிதிச்சு எடுக்கவே
அவ்ளோ ஆவும்."
பிறகு வெகுநேரம் பேசாமலிருந்து
"பிரேக் நல்லா இருக்கா கேளு" என்றார்.

பத்தொன்பதில் கதவுள்ள காருக்கு மாறினாள்.
முதல் நாளே சுழன்று மண்ணில் இறங்கி
டிராக்டர் கட்டி இழுத்து வந்தார்களாம்.
இரவு போனில் குரல் கம்மியிருந்தது:
"கார்ட்ல நம்ம உடம்புதான்க்கா ஸ்பிரிங்.
திருப்புன்னா திரும்பும்.
இது யோசிக்குது.
அது யோசிச்சு முடிக்கிற வரைக்கும்
நான் சும்மா இருக்கணும்.
சும்மா இருக்கத்தான் வரல."

வந்தது, இரண்டு வருடத்தில்.
உள்ளே ஐம்பத்தைந்து டிகிரி;
மணலிச் சிம்னிக்குக் கீழே வளர்ந்தவளுக்கு
அது ஒரு மே மாதம்.
பாதிப் பந்தயத்தில் ஆள் மாற்றம்.
ஆறடி ஃபரீத் வெளியே உருள,
தனக்கென்று செய்த ஃபோம் சீட்டை
அக்குளில் இடுக்கிக்கொண்டு பாய்வாள்,
தலையணையோடு அத்தை வீட்டுக்கு
இரவு தங்க வந்த பிள்ளை போல.

ஜெயித்தார்கள்.
மறு பந்தயத்துக்கு
காரில் முப்பது கிலோ கூடுதல் எடை.
"ஜெயிச்சதுக்கா தண்டனை?"
"மத்தவங்களும் கூட வரணும்ல."
நான் சிரிக்கவில்லை.
அவள் ஜெயித்தபோதெல்லாம்
எங்கள் வீட்டில் எடை ஏறியிருக்கிறது:
சீட்டுப் பணம், டயர்க் கடன்,
இரண்டு முறை தள்ளிப் போன என் நிச்சயம்.
இதை அவளிடம் சொன்னதில்லை.
அவளும் கேட்டதில்லை.
தெரியாது என்று நினைக்கும் அளவுக்கு
நான் ஏமாளியுமில்லை.

இன்று வளைகுடாவில் பன்னிரண்டு மணி நேரப் பந்தயம்.
இங்கே மணி ஒன்று பத்து.
கண்ணாடிக் கூண்டில் போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.
காரின் படமில்லை, எண்கள்தான்.
அவள் பெயரின் முதல் மூன்று எழுத்து
ஏழில் இருக்கிறது,
ஐந்தில்,
பிட்டுக்குப் போய் மறுபடி ஒன்பதில்.

டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்து
மேடையேறுகிறது.
டிரைவர் எட்டிப் பார்த்து
"கிரிக்கெட்டா?" என்கிறார்.
தங்கச்சி, என்கிறேன்.
அவருக்குப் புரியவில்லை,
சீட்டுக்குக் கை நீட்டுகிறார்.

இருங்கண்ணா.
இன்ஜினை அணைங்க.
எண் ஆடிக்கொண்டிருக்கும்போது
சீட்டு எடுக்கக் கூடாது.