வருகையின் நோக்கம்

காலை எட்டரைக்கு எங்கள் ஒழுங்கை முகப்பைக் கடக்கும் அந்தப் பஸ்.
திறக்காத கண்ணாடி. உள்ளே இருபத்திரண்டு முகமூடி.
முன்னால் ஒரு பொலிஸ் மோட்டார் சைக்கிள்,
மேளம் இல்லாத மாப்பிள்ளை ஊர்வலம்.

நிஹார் அதற்கு வழிகாட்டி.
முன்பு என் நாலு அறைக்கும் ஆள் கொண்டுவந்தவன்.
"நிப்பாட்டேலாது அக்கா" என்கிறான் போனில்.
"கோயிலுக்கு ஒன்பது பத்திலயிருந்து ஒன்பது ஐம்பது.
புறாத்தீவுக்கு முழுப் படகு.
தேத்தண்ணியும் பஸ்ஸுக்குள்ளதான்.
கூட்டமா வந்தா வரலாம். தனியா எண்டா இப்போதைக்கு இல்லை."

என் வீட்டுக்குச் சான்றிதழ் இல்லை.
நாற்பத்தொரு கேள்விப் படிவத்தில்
விருந்தினர் ஊரவரோடு கலவாதிருக்க
எடுத்த ஏற்பாடு யாது என்ற இடத்தில்
பேனை நின்றுவிட்டது.
கிணறு ஒன்று. முற்றம் ஒன்று.
மேசையும் ஒன்றுதான், அதிலும் ஒரு கால் ஆட்டம்.

அந்த மேசையில் மார்த்தா இருந்தாள், ஒரு பங்குனி முழுக்க.
நிலாவெளிக்கு என்று பஸ் ஏறியவள்
தூங்கிப் புல்மோட்டையில் விழித்து
இரவு பதினொன்றுக்கு ஐஸ் லொறியில் வந்து இறங்கினாள்.
கையில் ஒரு பை பாரைக் கருவாடு,
உள்ளங்கையில் யாருடையதோ கலியாண வீட்டு மருதாணி.
எங்கே போனாய் என்றேன்.
தோளைக் குலுக்கினாள்.
எனக்கு வந்தது கோபம் என்றுதான் அன்று நினைத்தேன்.

தொண்ணூற்றேழில் மூதூருக்கு லோஞ்சு ஏற
நான் பாஸ் எடுத்தவள்.
விதானையார் கடிதம், படம் இரண்டு,
இறங்குதுறையில் மூன்று மணித்தியால வெயில்.
போகும் காரணம் என்று ஒரு கட்டம், விரல் நீளம்.
செத்தவீடு என்று எழுதினேன்.
உண்மையில் சிநேகிதி வீட்டில்
இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு வர ஆசை.
சும்மாவை எந்த மொழியில் விளங்கப்படுத்துவது
சென்றியில் நிற்கிற பையனுக்கு?
செத்தது யார் என்று கேட்டான்.
அவளுடைய மாமியாரைச் சொன்னேன்.
மனுசி இன்னும் இருக்கிறா,
என்னைவிட நல்ல பற்களோடு.

கூட்டத்தைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.
கொழும்புக்கு அந்த நாட்களில்
வாகனத்தின் பின்னால் வாகனமாய்த்தான் போனோம்,
பக்கத்தில் ஆள் இருந்தால்தான் மூச்சு.
இந்தப் பஸ்ஸிலும் மூன்றாம் யன்னலில் ஒரு கிழவி,
மடியில் ஊன்றுகோல்.
பஸ் இல்லையென்றால் அவளுக்குக் கடலே இல்லை.

நேற்றுக் கோட்டை வாசலில்
கதவு திறந்த ஒரு நிமிசத்தில்
கொம்பு விரிந்த புள்ளிமான் ஒன்று
படியில் முன்கால் வைத்துத் தலையை உள்ளே விட்டதாம்.
கிழவி பிஸ்கட்டை நீட்டினாளாம்.
பொலிஸ்காரர் பட்டியலைப் புரட்டினாராம்.
மானுக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
சொல்லிச் சிரித்த நிஹார் பிறகு மெதுவாய்,
"பஸ் முழுக்கக் கை தட்டினது அக்கா,
நாலு நாளில இப்பதான் அவங்கட சத்தத்தையே கேட்டன்" என்றான்.

இன்று அது கடக்கும்போது படலையில் நின்றேன்.
மூன்றாம் யன்னலில் ஒரு கை அசைந்தது.
கை காட்டினால் தொற்றாது என்பது
பஸ் திரும்பிய பிறகுதான் நினைவு வந்தது.

வீட்டைப் பூட்டினேன்.
பூனைக்குச் சோறு வைத்தேன்.
இப்போது பாலம் இருக்கிறது, லோஞ்சு வேண்டாம்.
மூதூர் பஸ்ஸில் யன்னல் ஓரம், காற்றில் உப்பு.

"எவடம்?" என்றான் கொண்டக்டர்.
"மூதூர்" என்றேன்.
அவன் காரணம் கேட்கவில்லை.
கேட்காமலே, முகமூடிக்குள், சொன்னேன்:
"சும்மா."

"சும்மா ஏத்தேலாது அக்கா," என்றான்,
"எழுபது ரூபா."