பதினேழாம் வரி

களியக்காவிளைச் சந்தைக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை.
மேற்கே கொஞ்சம் நடந்தால்
போர்டுகளில் எழுத்து மாறிவிடும்.
சபைக்கு அந்தக் கணக்கு இல்லை:
பாதி வீடு படந்தாலுமூட்டில், பாதி இஞ்சிவிளையில்.

முன்பு ஜெபக் குறிப்புகள் சனிக்கிழமை மாலை
துண்டுச் சீட்டாய் வரும்.
மருந்துக்கடை பில்லின் முதுகில்,
ரப்பர் ஷீட் எடைச் சீட்டில்,
ஒருமுறை கிழித்த முட்டை அட்டையில்.
தட்டச்சு செய்து நாற்பது பிரதி எடுப்பேன்.
ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு
ஆபரேஷன் நல்லபடி நடக்க
மூன்று வாரம் ஜெபித்திருக்கிறோம்.

போதகர் ஹெர்பட் சாம்ராஜ் சொன்னார்:
ஒரே தாள், எல்லார் போனிலும்.
யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம்.
கமிட்டியில் எழுந்து நின்றவர்
பொருளாளர் ஏசுவடியான் சார் மட்டும்.
"யாரும் எழுதலாம்னா யாரும் அழிக்கலாமே போதகரே.
வீட்டுக் காரியத்தை ஊர் முழுக்கத் தொட்டுப் பார்க்கவா?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை.
முதல் வாரம் யாரோ நேந்திரங்காய் விலை போட்டார்கள்.
லில்லிபாயின் முழங்கால் வலியை
மூன்றிலிருந்து பதினொன்றுக்கு இறக்கினாள் நாத்தனார்.
அவள் ஏற்றினாள்.
இவள் இறக்கினாள்.
ஞாயிறு காலை அந்த முழங்கால்
இரண்டு இடத்தில் வலித்தது.
குவைத்திலிருந்து பெனட்
நைட் டூட்டியில் உட்கார்ந்து
எல்லார் வியாதிக்கும் ஒற்றுப்பிழை திருத்தினான்.

இஞ்சிவிளைக்காரர்கள் மலையாளத்தில் எழுதுவார்கள்.
எனக்குப் பேச வரும், வாசிக்க வராது.
மறுநாள் பார்த்தால் அதற்கடியில் யாரோ தமிழில்:
"சூசம்மா சேச்சியின் மகளுக்குப் பிரசவம்.
தலைப்பிள்ளை. பயம்."
பயம் மேலே இருந்ததா,
கீழே எழுதியவர் சேர்த்ததா, தெரியாது.
சேர்த்தே ஜெபித்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை கடை திறக்கையில்
பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
ஒரு வெற்று வரி.
அழித்தால் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள்.
தாளின் ஓரத்தைத் தொட்டால்
யார், எத்தனை மணிக்கு, என்ன எழுதினார்,
எல்லாம் திரும்பி வரும்.
தொட்டேன்.

"என் மகன் பேசி ஆறு வருஷம்.
எங்கேயாவது உயிரோடு இருந்தால் போதும்."
இரவு இரண்டு பதினாலுக்கு எழுதி
இரண்டு இருபத்திரண்டுக்கு அழித்திருக்கிறார்
ஏசுவடியான் சார்.

தொட்டிருக்கக் கூடாது.

பதினொரு மணிக்கு அவரே வந்தார்.
ஆதார் இரண்டு பிரதி, நாலு ரூபாய் சில்லறை.
"தாள் எப்படிப் போவுது பிள்ளே?"
"போவுது சார்."
பிரதி சூடாக இருந்தது.
ஊதி ஊதி மடித்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை வெற்று வரிகளை மூடி
எண்களை நெருக்கி வைப்பது என் வேலை.
மற்றதையெல்லாம் மூடினேன்.

ஞாயிறு, போதகர் பதினாறை முடித்து
"பதினேழு" என்றார்.
தாளைப் பார்த்தார்.
கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.
வெளியே திருவனந்தபுரம் பஸ் ஒன்று
ஹாரனை விடாமல் அடித்துப் போனது.
மூடிய கண்ணை ஒருவரும் திறக்கவில்லை.
இரண்டாம் வரிசை ஓரத்தில்
தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம்.
வெகுநேரம் கழித்து,
"பதினெட்டு."

அடுத்த வாரம் பதினேழில்
யாரோ ஒரு புள்ளி வைத்திருந்தார்கள்.
அதற்கடியில் மலையாளத்தில் ஒரே ஒரு சொல்.
யாரும் அதைத் தமிழில் எழுதவில்லை.
பெனட்கூடப் புள்ளியைத் திருத்தவில்லை.
பக்கத்துப் பேக்கரியில் காட்டிக் கேட்டிருக்கலாம்.
ஓரத்தைத் தொட்டிருக்கலாம்.

போன் இல்லாதவர்களுக்கு
இன்னமும் பன்னிரண்டு பிரதி எடுக்கிறேன்.
அன்று ஒன்றில் அந்தப் புள்ளி
டோனர் கறை மாதிரி விழுந்திருந்தது.
கிழித்துப் போட்டுவிட்டு
மறுபடி எடுத்தேன்.