முப்பத்தேழு டிகிரி

பால்வாடி என்பதைப் பால்கடை என்று
மொழிபெயர்த்திருந்தார் சேன்-தெனியில் அந்த மனிதர்,
பக்கத்துக்கு நாற்பது யூரோ, முத்திரை உட்பட.
ஆகவே காரைக்காலில் நான் இரண்டு வருடம்
பால் விற்கப் படித்தவள்.
அலுவலகப் பெண் கோப்பை மூடினாள்.
எனக்குச் சிரிப்பு
மறுநாள் வேறொரு வரிசையில் நின்றபோதுதான் வந்தது.

விண்ணப்பத்தில் பெயருக்குப் பன்னிரண்டு கட்டம்.
மங்கையர்க்கரசி அதற்குள் அடங்கமாட்டாள்.
கடைசி இரண்டு எழுத்தை வெளியே நிறுத்திவிட்டு
மீதி நான் உள்ளே போனேன்.

அனுபவம் உண்டா?
உண்டு. ஆறு வருடம்.
சேந்த்-ஆந்த்ரேயில், கரும்பு லாரி திரும்பும் முக்கில்
என் வீட்டுக் கூடத்தில், காலை ஐந்தரைக்கே
ஆலைக்குப் போகும் தாய்மார் இறக்கிவிட்ட பிள்ளைகள்.
அத்தாட்சி?
உரிமம் இல்லாமல் பார்த்த பிள்ளைகளுக்கு
யார் கணக்கு எழுதுவார்?
மத்தேயோ என்று ஒருவன். அவன் வாயில்
"போதும்" உண்டு, "இன்னும்" உண்டு, "ஆய்" உண்டு.
எங்கே கற்றான் என்று அவன் கிரெயோல் அம்மாவுக்குத் தெரியும்.
அரசாங்கத்துக்குத் தெரியாது.

அதனால் முதலிலிருந்து.
நாற்பத்துமூன்று வயதில், மஞ்சள் பஸ்ஸில்,
மடியில் பிரெஞ்சுப் பாடநூல்.
ரெயூனியனில் பிள்ளையைத் தூங்கவைக்க "தோதோ" என்கிறார்கள்.
எங்கள் தெருவில் தோ தோ என்றால்
நாய்தான் எழுந்து வரும்.
டயாபர் பட்டுச் சிவந்த தோலுக்கு
"எரித்தேம்" என்று பெயர்.
எரித்தேம்.
யாரை, எப்போது, என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன்.
அந்தச் சொல் மட்டும் மறக்கவே இல்லை.

சாப்பாட்டு மேசையில் மகள் கேள்வி கேட்பாள்.
குழந்தையைத் தூக்குமுன் என்ன செய்யவேண்டும்?
கை கழுவணும்.
எத்தனை நொடி?
மூன்று பெற்றவளிடம் நொடி கேட்கிறாள்.
முப்பது, என்கிறேன்.
அவளைக் கழுவாத கையோடுதான் முதலில் தூக்கினேன்.
அதைச் சொல்லவில்லை.

தேர்வன்று ஒரு பொம்மை கொடுத்தார்கள்.
ரப்பர், மூன்று கிலோ, நீலக் கண் மூடாது.
எதிரே மூன்று பேர்.
நடுவில் இருந்தவரின் பெயர் அட்டை: மதாம் கத்தாயே.
எந்தக் கப்பலில் வந்த காத்தாயியின் வம்சமோ,
பதிவு எழுதியவன்
துணைக்காலை வெட்டிவிட்டிருக்கிறான்.
தமிழில் ஒரு சொல் தெரியாது அவருக்கு.
அட்டையையே நான் பார்ப்பதைப் பார்த்து
பேனாவைத் திறந்தார்.

தொட்டியில் தண்ணீர். பக்கத்திலேயே தெர்மாமீட்டர்.
அதற்குள் என் முழங்கை
தண்ணீருக்குள் போய்விட்டது.
"முழங்கை எதற்கு?"
பழக்கம், என்றேன், எனக்கே கேட்காத பிரெஞ்சில்.
பிறகு தெர்மாமீட்டர். முப்பத்தேழு.
முழங்கை சொன்னதும் அதுதான்,
அதற்கு மதிப்பெண் கிடையாது.

இடக்கையில் கழுத்து, வலக்கையில் சோப்பு.
அக்குள், தொடை மடிப்பு, காதுக்குப் பின்னால்.
காதில் துளையே இல்லை; இருந்தும்
நீர் புகாமல் பொத்தினேன்.
அவர்கள் ஏதோ எழுதினார்கள்.
பொம்மை கடைசிவரை அழவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.
அழுதிருந்தால்
எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்கும்.

முடிவு ஜூலையில் வரும்.

திரும்பும் வழியில், சேந்த்-சுசான் நிறுத்தத்தில்
ஒருத்தி ஏறினாள்: தோளில் பை, கையில் மடக்குவண்டி,
இடுப்பில் வீறிடும் பிள்ளை.
பஸ் முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தது.
கையை நீட்டப் போனவள்
ஒரு கணம் தயங்கினேன்,
முப்பது நொடிக்குத்
தண்ணீர் ஏது பஸ்ஸில்.