தாமதப் பதிவேடு

எழுநூற்றுப் பத்துப் பேர் எழுதி
அறுபது பேர் தேறிய நுழைவுப் பரீட்சையில்
எனக்கு நாற்பத்தோராம் இடம்,
நம்புராஜனுக்கு மூன்றாம் இடம்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
ஆறு வருஷம் கழித்து
கேட்டருகே பதிவேட்டோடு நின்றவன் நான்.
அதற்குள் நின்றவன் அவன்.

தொண்டிக்கு வடக்கே, உப்பு அரித்த கேட்.
பையன்கள் மட்டும்.
மெரூன் கோடு மூன்று போட்ட டை,
பங்குனி வெயிலிலும் அவிழ்க்கக் கூடாது.
முகப்பில் ஏதோ வெள்ளைக்காரப் பாதிரி
பொறித்துவிட்டுப் போன லத்தீன் வாசகம்.
'பீஸ் கட்டாதவன் உள்ளே வராதே' என்று
எட்டாம் வகுப்பு அதை மொழிபெயர்த்திருந்தது.

அணிகள் நான்கு:
வாடை, கொண்டல், சோழகம், கச்சான்.
காற்றுகளுக்கு அந்தப் பெயர்களை வைத்தவர்கள் யாரும்
அந்தப் பள்ளியில் படித்தவர்கள் இல்லை.
நாங்கள் இருவரும் கச்சான்.
விளையாட்டு விழாவில் எப்போதும் கடைசி.
"கச்சான் அடிச்சா எங்கப்பாவே கரையிலதான் கெடப்பாரு,
நாம எங்கடா ஓடுறது" என்பான்.

பிந்தி வந்தால் அடி கிடையாது.
அதற்கென்று ஒரு மரபு இருந்தது:
நானூறு பேரும் கொடிமரத்தைப் பார்த்து நிற்க
பிந்தியவன் மட்டும் முதுகு காட்டிக்
கடலைப் பார்த்து நிற்க வேண்டும்,
பள்ளிப் பாட்டு முடியும்வரை.
கிழக்குக் கடல். வெயில் நேரே கண்ணுக்குள்.

மணி எட்டுப் பத்துக்கு அடிக்கும்.
எட்டுப் பதினாலு. எட்டுப் பதினேழு.
எட்டுப் பன்னிரண்டு, அன்று ஓடி வந்திருக்கிறான்.
காரணம் என்ற கட்டத்தில்
மீன், மீன், மீன் என்று எழுதிக் கை வலித்து
பிறகு 'மேற்படி' போட ஆரம்பித்தேன்.
ஏலத்தில் வியாபாரி எடையை ஏய்க்காமல் பார்க்க
அவன் அப்பாவுக்கு ஆள் வேண்டும்.
மூன்றாம் இடம் வாங்கிய கணக்கு
முதலில் வேலைக்குப் போனது அங்கேதான்.
கையெழுத்துக்குக் குனிகிறபோது
மணிக்கட்டிலிருந்து ஒரு செதில் உதிரும்.
ஊதிவிடுவேன்.
பதிவேடு பள்ளிச் சொத்தல்லவா.

ஐப்பசியில் ஒரு செவ்வாய். மூட்டம்.
எட்டு முப்பத்தொன்று.
காரணம்? என்றேன்.
ஒண்ணுமில்ல என்றான்.
ஒன்றுமில்லை என்று எழுதினேன்.
கையில் செதில் இல்லை.
பார்த்தேன்.
பார்த்ததை எழுத அதில் கட்டம் இல்லை.

நான் எஸ்.பி.எல்., மேடையில், அணிகளைப் பார்த்து நின்றேன்.
ஆகவே எல்லோர் தலைக்கும் மேலாக
அவன் முதுகு தெரியும்,
அதற்கப்பால் தண்ணீர்.
தொடையில் அவன் விரல் தட்டிக்கொண்டிருந்தது.
தாளம் போடுகிறான் என்று நினைத்தேன்.
எங்கள் பாட்டு நாலு தட்டு.
அவன் தட்டியது பதினொன்று.
நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து.
பதினொன்று.

முந்தின ராத்திரி போனவை பன்னிரண்டு வத்தைகள்
என்று எனக்கு மத்தியானம்தான் தெரியும்.

இரண்டாம் சரணத்தில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு
மதிலேறிக் குதித்தான்.
பாடும்போது தலை திரும்பக் கூடாது.
ஒருவரும் திரும்பவில்லை.
நல்ல பள்ளி.
நான் சுருதி பிசகாமல் முடித்தேன்,
மேடையை விட்டு இறங்கி எழுதினேன்:
'8.40. அனுமதியின்றி வெளியேறினான்.'
கீழே என் கையெழுத்து.

வத்தை மறுநாள் நம்புதாளைக்குத் தெற்கே ஒதுங்கியது.
போனது மூன்று பேர். இருந்தது இரண்டு பேர்.

பதினேழாம் நாள்
ஏழு ஐம்பதுக்கே வந்து நின்றான்,
மொட்டைத் தலை, டை நேராக.
கேட்டை இன்னும் திறக்கவில்லை.
அவன் ஷூவை நான் எடுத்து வைத்திருந்தேன்.
வாங்கிக்கொண்டான்.
நேரத்துக்கு வந்தவர்களைப் பற்றி
பதிவேட்டில் எதுவும் எழுதுவதில்லை.

அதன்பிறகு அந்த வருஷம் முழுக்க
ஒருநாளும் அவன் பிந்தவில்லை.
மார்ச்சில் அதைப் பாராட்டி
ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.
மேடையில் பெயரை வாசித்தவன் நான்.